காந்தத் துகளா, நீலச் சாயமா, பெட் ஸ்கேனா: நெறிகட்டியில கேன்சர் போயிருக்கான்னு பாக்க எதை எடுக்கலாம்

காந்த நானோ துகளை உடம்புக்குள்ள விட்டா அது கேன்சர் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கும், ஸ்கேன்ல பளிச்சுனு தெரிஞ்சிடும்னு ஒரு நெனப்பு நிறைய பேருக்கு இருக்கு. வீட்ல யாருக்காவது மார்புல கட்டின்னு ரிப்போர்ட் வந்த ரெண்டாவது நாளே சொந்தக்காரங்கள்ல ஒருத்தர் "இப்பல்லாம் நானோ டெக்னாலஜி வந்துடுச்சாமே, அதுலயே பாத்துடலாமே"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஆசை தப்பில்ல. ஆனா இன்னிக்கு ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்கு நிஜமா போடற காந்தத் துகள் அப்படி வேலை செய்யல. அதை முழுங்கறது பெரும்பாலும் நம்ம நல்ல செல்லுங்கதான், கேன்சர் செல் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. இந்த ஒண்ணை மனசுல வச்சுக்கிட்டா எந்த டெஸ்ட் யாருக்கு, எதுக்குக் காசு கொடுக்கலாம், எது வேண்டாத வேலைங்கறதுல பாதி தானாவே தெளிவாயிடும்.

துகள்னா என்ன, இரும்பு ஆக்ஸைடுதான். சில நானோமீட்டர் அளவுல ஒரு இரும்பு ஆக்ஸைடு மணி, அதைச் சுத்தி டெக்ஸ்ட்ரான் மாதிரி ஒரு சர்க்கரைப் பூச்சு. இவ்ளோ சின்னதா ஆயிட்டா இரும்பு ஆக்ஸைடு ஒரு வினோதமான குணத்துக்கு வந்துடும், பக்கத்துல காந்தப்புலம் இருக்கற வரைக்கும் பலமான காந்தமா நடந்துக்கும், புலத்தை எடுத்துட்டா அடுத்த நொடியே காந்தத்தன்மை போயிடும். அதனாலதான் ரத்தத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகாம ஓடுது. கடைசியில உடம்பு அதை உடைச்சு நம்ம இரும்புச்சத்துக் கணக்குலயே சேத்துக்கும். உள்ள போனதும் அதைப் புடிக்கறது மேக்ரோஃபேஜ்ங்கற துப்புரவு செல்லுங்க. ஈரல்ல இருக்கு, மண்ணீரல்ல இருக்கு, நெறிகட்டியில, அதாவது லிம்ப் நோடுல, நிறையவே இருக்கு. நாம பேசப்போற கதையெல்லாம் இந்த நோடுலதான் நடக்குது, ஏன்னா மார்பு கேன்சரா இருந்தாலும் ப்ராஸ்டேட் கேன்சரா இருந்தாலும் டாக்டர் முதல்ல தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறது அது நோடுக்குப் போயிடுச்சாங்கறதைத்தான்.

மார்பு கேன்சர்ல இருந்தே ஆரம்பிக்கலாம், நம்ம ஊர்ல நிறைய குடும்பங்க நிஜமா முடிவு எடுக்க வேண்டி வர்றது இங்கதான்.

முன்னாடியெல்லாம் மார்புல கட்டின்னா அக்குள்ல இருக்கற நோடு மொத்தத்தையும் வழிச்சு எடுத்துடுவாங்க. அதுல கேன்சர் இல்லைன்னு அப்பறம் லேப்ல தெரியும், ஆனா கை வீக்கம் வாழ்நாளுக்கும் நிக்கும். பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்த 2013 கணக்குப்படி அக்குளை முழுசா வழிச்சவங்கள்ல கிட்டத்தட்ட 20 சதவீதம் பேருக்கு கை வீக்கம், சென்டினல் நோடு மட்டும் எடுத்தவங்கள்ல 6 சதவீதத்துக்குள்ள. சென்டினல் நோடுங்கறது வாய்க்கால் தண்ணி முதல்ல வந்து பாயற மடை மாதிரி, மார்புலேர்ந்து கிளம்புற நிணநீர் முதல்ல வந்து சேர்ற ஒண்ணு ரெண்டு நோடு. கேன்சர் பரவுனா பெரும்பாலும் அங்கதான் முதல்ல தங்கும். அதை மட்டும் எடுத்துப் பாத்து அது சுத்தமா இருந்தா மீதியைத் தொடவே வேணாம். அமெரிக்காவுல பண்ணின பி-32ங்கற பெரிய டிரையல் 2010ல இதைத்தான் உறுதி பண்ணுச்சு, சென்டினல் நோடு சுத்தமா இருக்கறவங்களுக்கு மீதியை விட்டு வச்சாலும் உயிர் பிழைக்கறதுல வித்தியாசம் இல்லை.

சரி, அந்த முதல் நோடை எப்படிக் கண்டுபுடிக்கறது? அக்குள்ல கொழுப்புக்குள்ள பருப்பு சைஸ்ல நோடுங்க சிதறிக் கிடக்கும், எது முதல்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. மார்புல ஏதோ ஒண்ணை ஊசி போட்டு அது எங்க போய்ச் சேருதுன்னு துரத்தணும். அந்த ஏதோ ஒண்ணு என்னங்கறதுதான் ஆப்ஷன்.

நீலச் சாயம்தான் இருக்கறதுலயே மலிவு, மெத்திலின் ப்ளூ எந்த ஊர் தியேட்டர்லயும் கிடைக்கும். ஊசி போட்டு, தேய்ச்சு விட்டு, அக்குளைத் திறந்தா நீலமான ஒரு நூல் மாதிரி குழாய் தெரியும், அதைப் பிடிச்சுக்கிட்டே போனா நீல நோடு. கை பழகின சர்ஜன்னா நல்லாவே வரும், பழகாதவங்களா இருந்தா நீலம் எங்கயும் தெரியாம முழிக்கற கேஸும் வரும், அதனாலதான் பெரிய சென்டர்கள்ல இதைத் தனியா நம்பாம இன்னொண்ணோட சேத்துப் பண்றாங்க. தோலுக்கு ரொம்ப மேலாப்புல போட்டுட்டா தோல் வெந்து புண்ணாகும், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறவங்கன்னா அந்த மாத்திரையோட சேந்து செரோடோனின்ங்கற மூளை ரசாயனம் அளவுக்கு மீறி ஏறிடற ஆபத்து இருக்கு, அதனால மயக்க டாக்டர்கிட்ட மாத்திரை லிஸ்ட்டை ஒளிக்காம காட்டுங்க. கர்ப்பமா இருந்தா வேணாம். ஐசோசல்ஃபான் ப்ளூ, பேட்டன்ட் ப்ளூன்னு வேற நீலங்களும் இருக்கு, அதுல நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு அலர்ஜி வரும், அபூர்வமா பிரஷர் இறங்கற அளவுக்குப் போகும். மறுநாள் யூரின் பச்சையா போறதைப் பாத்து பயந்துடாதீங்க, அது சாயம்தான்.

அடுத்தது ரேடியோ ஐசோடோப், அதாவது கதிர்வீச்சு விடற பொருள், டெக்னீஷியம்-99எம். உலகம் முழுக்க ரொம்ப நாளா இதுதான் அளவுகோல், புதுசா எது வந்தாலும் இதோட வச்சுத்தான் ஒப்பிட்டுப் பாப்பாங்க. அந்தக் கதிர்வீச்சை உணர்ற காமா ப்ரோப்ங்கற கருவியை அக்குள் மேல வச்சா கீறறதுக்கு முன்னாடியே எங்க இருக்குன்னு சத்தம் போட்டுச் சொல்லும். கதிர்வீச்சு அளவு ரொம்பக் கம்மி, பயப்பட ஒண்ணுமில்ல. தலைவலி எல்லாம் ஏற்பாட்டுலதான். 6 மணி நேரத்துல பாதி காலி ஆயிடும், அதனால காலைல ஊசி, மதியம் ஆபரேஷன், இல்ல முதல் நாள் சாயங்காலம் ஊசின்னு கணக்கா டைம் பிடிக்கணும், தியேட்டர்ல முன்னாடி கேஸ் இழுத்துடுச்சுன்னா இங்க எல்லாருக்கும் வயித்துல புளி கரைக்கும். நியூக்ளியர் மெடிசின் டிபார்ட்மென்ட் வேணும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட அனுமதி வேணும், சின்ன டவுன்ல இது நடக்காத காரியம். அதுக்கு மேல சப்ளை. டெக்னீஷியத்தோட தாய் மாலிப்டினம்-99, அது உலகத்துல விரல் விட்டு எண்ற அளவு பழைய அணு உலைகள்லேர்ந்துதான் வருது. 2009 மே மாசம் கனடாவுல சாக் ரிவர் உலை நின்னப்ப ஒரு வருஷத்துக்கு மேல உலகமே திண்டாடுச்சு, நடுவுல நெதர்லாந்து பெட்டன் உலையும் ரிப்பேருக்கு நின்னுச்சு. காந்தத் துகள் பக்கம் எல்லாரும் சீரியஸா திரும்பிப் பாத்ததுக்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

நடுவுல ஒளிர்ற சாயம் ஒண்ணு இருக்கு, ஐசிஜி. அகச்சிவப்புக் கேமராவுல பாத்தா தோலுக்கு அடியிலேயே நிணநீர்க் குழாய் வெள்ளைக் கோடா ஓடறது தெரியும், பாக்கவே அழகா இருக்கும். ஆழம்தான் பிரச்சினை, ஒரு சென்டிமீட்டர் கொழுப்புக்குக் கீழ போயிட்டா மங்கிடும், குழாய் வெட்டுப்பட்டா சாயம் வழிஞ்சு அக்குள் முழுக்க வெளிச்சமாயிடும். கேமரா விலை ஜாஸ்தி, ஆனா லேப்ராஸ்கோப்பிக்காக அதை ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கற ஆஸ்பத்திரி நிறைய இருக்கு, அங்க இது நல்ல தேர்வு. டெல்லி எய்ம்ஸ்ல இதையே இன்னும் மலிவாக்கி ஃப்ளோரசீன் சாயத்தையும் நீல எல்ஈடி டார்ச்சையும் மெத்திலின் ப்ளூவோட சேத்து முயற்சி பண்ணினாங்க, மும்பை டாட்டா மெமோரியல்ல எந்தச் சாயத்துக்கும் காத்திருக்காம அக்குளோட கீழ்ப்பகுதி நோடுகளை மட்டும் எடுத்துப் பாக்கற முறையை சென்டினல் முறையோட ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. நம்ம நாட்டுக்கு ஏத்த மாதிரி யோசிச்ச வேலைங்கறதால எனக்கு இது ரெண்டும் பிடிக்கும், இதை யாரும் "நானோ"ன்னு விளம்பரம் பண்ணாததால பேரே வெளிய வரல.

இப்ப நம்ம ஹீரோ. இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ல 2007ல ஆரம்பிச்ச எண்டோமேக்ங்கற கம்பெனி, லண்டன் யூசிஎல் யுனிவர்சிட்டியும் அமெரிக்காவுல ஹூஸ்டன் யுனிவர்சிட்டியும் பண்ணின ஆராய்ச்சியிலேர்ந்து பொறந்தது, 2024ல ஹோலாஜிக் வாங்கிடுச்சு. அவங்களோட திரவம் மேக்ட்ரேஸ், முன்னாடி சியன்னா ப்ளஸ்னு பேரு. கருவி பேரு சென்டிமேக். திரவம் காபி டிகாஷன் கலர்ல இருக்கும், 2 மில்லி மார்புல போட்டு நல்லா தேய்ச்சு விடுவாங்க, 20 நிமிஷத்துல நோடுக்குப் போய்ச் சேந்துடும். அங்க மேக்ரோஃபேஜ் அதை முழுங்கி வச்சுக்கும். கருவி ஒரு காந்தப்புலத்தை விட்டு இரும்பு எங்க பதில் கொடுக்குதுன்னு பாக்கும், கிட்டப் போகப் போகச் சத்தத்தோட சுருதி ஏறும்.

தியேட்டர்ல இதைப் பயன்படுத்தறதைக் கிட்டத்துல பாத்தா ஒரு வேடிக்கை இருக்கு. காமா ப்ரோபுக்கு ஸ்டீல் ஒரு பொருட்டே இல்ல, இதுக்கோ ஸ்டீல்தான் எதிரி. சர்ஜன் ப்ரோபைக் கையில எடுத்ததும் சிஸ்டர் வெட்டின எடத்தை விரிச்சுப் பிடிக்கற ஸ்டீல் ரிட்ராக்டரை எடுத்துட்டு ப்ளாஸ்டிக் ரிட்ராக்டரைக் கொடுக்கணும், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் எல்லாம் ஓரமா தள்ளி வைக்கணும், அப்பறம் ப்ரோபைக் காத்துல தூக்கிப் பிடிச்சு ஜீரோ பண்ணணும், அப்பறம்தான் அக்குள்ல வைக்கணும். ஒரு தடவை அழுத்தி வெட்டிட்டு மறுபடி பாக்கணும்னா மறுபடி ஜீரோ. பத்து கேஸ் பண்ணாத டீமுக்கு இது எரிச்சலா இருக்கும். ஆனா நோடு கையில வந்ததும் ப்ரோபே தேவையில்ல, வெல்லப்பாகு கலர்ல கண்ணுக்கே தெரியும்.

எண் என்ன சொல்லுது? இங்கிலாந்துலயும் நெதர்லாந்துலயும் சேத்து 160 பேர்கிட்ட பண்ணி 2014ல வெளிவந்த சென்டிமேக் டிரையல்ல வழக்கமான முறை 95 சதவீதம் பேருக்கு நோடைக் கண்டுபிடிச்சுது, காந்த முறை 94.4. அமெரிக்காவுல மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி கொடுக்கற எஃப்டிஏ 2018ல அனுமதி கொடுத்தப்ப பாத்த டிரையல்ல 147 பேர், காந்தம் 94.3 சதவீதம், ஐசோடோப்பும் நீலமும் சேந்து 93.5. ரெண்டும் ஒண்ணுதான்னு வச்சுக்கலாம். கவனிக்க வேண்டியது என்னன்னா, ஜெயிக்கல, சமமா நின்னுச்சு. "காந்தம் போட்டா கேன்சர் இன்னும் நல்லா தெரியும்"னு யாராவது சொன்னா இந்த எண்ணுல அது இல்ல. இந்தக் கருவி "இங்க நோடு இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லும். அதுல கேன்சர் இருக்காங்கறதை நீலம் போட்டு எடுத்தாலும் காந்தம் போட்டு எடுத்தாலும் பேத்தாலஜிஸ்ட்தான் மைக்ராஸ்கோப்புல பாத்துச் சொல்லணும்.

அப்ப எதுக்குக் கூடுதல் காசு? ஒரே ஒரு இடத்துல காந்தத்துக்கு ஈடு இணையே இல்லைன்னு எனக்குத் தோணுது. டிசிஐஎஸ்னு ஒண்ணு இருக்கு, பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கற ஆரம்ப நிலை. அது குழாயைத் தாண்டலைன்னா நோடு எடுக்கவே தேவையில்ல. ஆனா மார்பு முழுசா எடுத்துட்டு அப்பறம் பேத்தாலஜியில "உள்ள கொஞ்சம் தாண்டியிருக்கு"ன்னு வந்தா சிக்கல், ஏன்னா மார்பே போயிடுச்சு, ஊசி போட எடமே இல்ல, சென்டினல் நோடைத் துரத்த வழியில்ல. அதுக்குப் பயந்துதான் முன்னெச்சரிக்கையா எல்லாருக்கும் நோடு எடுத்துடறாங்க. ஸ்வீடன் உப்சாலா டீம் நடத்தின சென்டிநாட் ஆய்வுல ஆபரேஷனப்பவே காந்தத் துகளை மட்டும் போட்டு விட்டுட்டாங்க, நோடைத் தொடல. பேத்தாலஜி ரிப்போர்ட் வந்து தேவைன்னா மட்டும் சில வாரம் கழிச்சுத் திரும்ப வந்து எடுத்தாங்க, துகள் அங்கயே உக்காந்திருந்துச்சு. நாலுல மூணு பெண்களுக்கு மேல அக்குள் ஆபரேஷனே தேவைப்படல. ஐசோடோப்பால இதைச் செய்யவே முடியாது, மறுநாளைக்கே செத்துடும். உங்க வீட்ல டிசிஐஎஸ்ங்கற ரிப்போர்ட்டோட முழு மார்பை எடுக்கறதா பேச்சு போயிட்டிருந்தா இந்த வழி கிடைக்குமான்னு சர்ஜன்கிட்ட கட்டாயம் கேளுங்க.

எதிர்ப்பக்கம் ஒரு பெரிய கல் இருக்கு, எம்ஆர்ஐ. மார்பை முழுசா எடுக்காம கட்டியை மட்டும் எடுத்தா மிச்ச மார்புல இரும்பு தங்கும், பின்னாடி எம்ஆர்ஐ எடுத்தா அந்த எடம் கருப்பு ஓட்டையாத் தெரியும், வருஷக்கணக்குல கூட நிக்கலாம், அந்த ஓட்டைக்குள்ள புதுசா ஏதாவது வளந்தா பாக்க முடியாது. எஃப்டிஏ முதல்ல கொடுத்த அனுமதியே முழு மார்பு எடுக்கறவங்களுக்கு மட்டும்தான். குடும்பத்துல மார்பு கேன்சர் வாய்ப்பைக் கூட்டற பிராகா மரபணு மாற்றம் இருந்து வருஷா வருஷம் எம்ஆர்ஐ பாக்க வேண்டியவங்க, கீமோ எப்படி வேலை செய்யுதுன்னு எம்ஆர்ஐல பாத்துட்டு இருக்கறவங்க, இவங்களுக்கு நான்னா இதை எடுக்க மாட்டேன். தோல்ல பழுப்புக் கறை ஒண்ணு விழும், மாசக்கணக்குல இருக்கும், சிலருக்கு வருஷம் தாண்டும், ஆழமா போட்டா குறையும். மாநிறத்துக்கு அவ்ளோ தெரியாதுன்னு சிலர் சொல்லிடுவாங்க, கறை யார் மார்புல விழுதோ அவங்களைக் கேட்டு முடிவு பண்றதுதான் மரியாதை. டெக்ஸ்ட்ரான் அலர்ஜி, உடம்புல இரும்பு சேர்ற வியாதி, அந்தப் பக்கம் நெஞ்சுல பேஸ்மேக்கர் மாதிரி உலோகம், இது இருந்தாலும் வேணாம்.

ஆக, நியூக்ளியர் மெடிசின் இருக்கற பெரிய ஆஸ்பத்திரின்னா ஐசோடோப்பும் நீலமும் போதும், காந்தம் இல்லையேன்னு ஏங்க ஒண்ணுமில்ல. அது இல்லாத ஊர்ல நீலமும் ஐசிஜியும், இல்ல நீலமும் ஃப்ளோரசீனும். காந்தக் கருவி இருந்து, முழு மார்பை எடுக்கறாங்க, சர்ஜனுக்கும் கை பழக்கம் இருக்குன்னா தாராளமா. சாயத்தைவிட சர்ஜனோட கைதான் முக்கியம்னு நான் நினைக்கறேன், "நீங்க எதுல அதிகமா பண்ணியிருக்கீங்க"ன்னு கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும், எந்தத் துகளும் வேணாம்னு ஒரு ஆப்ஷன். இத்தாலி மிலன்ல இருக்கற ஐரோப்பிய புற்றுநோய் நிறுவனம் முன்னின்னு நடத்தின சவுண்ட்ங்கற பேர் கொண்ட டிரையல் 2023ல வந்துச்சு. கட்டி 2 சென்டிமீட்டருக்குள்ள, அக்குள் அல்ட்ராசவுண்டு சுத்தம், அப்படிப்பட்டவங்கள்ல பாதிப்பேருக்கு நோடே எடுக்கல. 5 வருஷம் கழிச்சு வேற இடத்துக்குப் பரவாம இருந்தவங்க, எடுத்த பக்கம் 97.7 சதவீதம், எடுக்காத பக்கம் 98. ஜெர்மனியில நடந்த இன்சீமா டிரையலும் அடுத்த வருஷமே இதே திசையில பேசுச்சு. அதனால சின்னக் கட்டின்னா எந்தச் சாயம்னு கேக்கறதுக்கு முன்னாடி நோடு எடுக்கணுமான்னே கேக்கலாம். இளவயசு, ட்ரிபிள் நெகட்டிவ்ங்கற வீரியமான மார்பு கேன்சர் வகை, இந்த மாதிரி கேஸ்ல பதில் வேற மாதிரி இருக்கும், அதை டாக்டர்தான் சொல்லணும்.

ப்ராஸ்டேட்டுக்கு வந்தா கேள்வியே மாறிடுது. இங்க நோடை எடுக்காமலே, வெளியிலேர்ந்தே அதுல கேன்சர் இருக்கா இல்லையான்னு தெரியணும். சிடியும் சாதா எம்ஆர்ஐயும் நோடோட சைஸைத்தான் பாக்கும், 8, 10 மி.மீ. தாண்டினா சந்தேகம். ஆனா கேன்சர் பரவின நோடுல நிறைய அந்த சைஸுக்கே வராது.

இங்கதான் காந்தத் துகள் நிஜமாவே அசத்துச்சு. ஃபெருமோக்ஸ்ட்ரான்-10னு ஒரு துகள், ரத்தத்துல சொட்டு சொட்டா ஏத்திட்டு ஒரு நாள் கழிச்சு எம்ஆர்ஐ எடுப்பாங்க. நல்ல நோடுல மேக்ரோஃபேஜ் துகளை முழுங்கிடும், அதனால அந்த நோடு படத்துல கருகருன்னு ஆயிடும். கேன்சர் உக்காந்த எடத்துல மேக்ரோஃபேஜ் இல்ல, துகள் போகாது, அந்த எடம் மட்டும் வெள்ளையா நிக்கும். கருப்பு நோடுக்குள்ள ஓரமா பிறை மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு, அதுதான் கேன்சர். துகள் கேன்சரைக் காட்டிக்கொடுக்கறது அது போகாத எடத்தை வச்சுத்தான். ஈரல் ஸ்கேனுக்குப் போட்ட ஃபெரிடெக்ஸ், ரிசோவிஸ்ட்ங்கற காந்தத் துகள் மருந்துங்களும் இதே கணக்குலதான் ஓடுச்சு.

2003ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியும் நெதர்லாந்து நைமேகன் ஊர் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியும் சேந்து 80 பேர்கிட்ட பண்ணினது. ஒவ்வொரு நோடா எடுத்துப் பாத்தப்ப சாதா எம்ஆர்ஐ பிடிச்சது 35.4 சதவீதம், துகள் போட்டப்பறம் 90.5. 2008ல 375 பேர்கிட்ட பண்ணினதுல சிடி 34 சதவீதம் பிடிச்சுது, இது 82. இவ்ளோ நல்ல எண்ணு வந்தும் சந்தைக்கு வரல. 2005ல எஃப்டிஏ ஆலோசனைக் குழு பரவலான அனுமதிக்கு ஒத்துக்கல, 2007ல ஐரோப்பாவுலயும் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிட்டாங்க. நைமேகன்ல யெல்லே பேரன்ட்ஸ்ங்கற ரேடியாலஜிஸ்ட் விடாப்பிடியா அதைத் திரும்பத் தயாரிக்க வச்சு அங்க ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சார், வேற நாட்டுலேர்ந்தெல்லாம் ஆளுங்க அதுக்காக அங்க போனாங்க.

அதுக்குள்ள பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் வந்துடுச்சு, லேசா கதிர்வீச்சு விடற மருந்தை ஊசியில போட்டு எடுக்கறது. இது நேர் எதிர், கேன்சர் செல்லோட மேல இருக்கற பிஎஸ்எம்ஏ புரதத்துலயே போய் ஒட்டும், கேன்சர் இருக்கற எடம் பளிச்சுனு எரியும். நம்ம மக்கள் காந்தத் துகளைப் பத்தி நினைச்சுக்கிட்டிருக்கறதை நிஜமா பண்றது இதுதான், காந்தமே இல்லாம. ஆஸ்திரேலியாவுல 302 பேர்கிட்ட பண்ணின ப்ரோபிஎஸ்எம்ஏ டிரையல் 2020ல வந்துச்சு, சிடியும் எலும்பு ஸ்கேனும் சேந்து 65 சதவீதம் சரியா சொன்னப்ப இது 92. எலும்பு, நோடு எல்லாத்தையும் ஒரே தடவையில பாத்துடும், நம்ம பெரிய ஊர்கள்லயும் கிடைக்குது. குறை இல்லாம இல்ல, ரொம்பச் சின்ன நோடு தப்பிச்சுடும், கலிஃபோர்னியாவுல ஆபரேஷன் பண்ணி எடுத்த நோடுகளோட ஒப்பிட்டப்ப இடுப்புக்குள்ள நோடுக்குப் பரவினவங்கள்ல 40 சதவீதம் பேரைத்தான் இது பிடிச்சுது. ஆனா இருக்குன்னு சொன்னா பெரும்பாலும் இருக்கும். 2, 3 மி.மீ. நோடுல காந்த எம்ஆர்ஐதான் கில்லாடின்னு எனக்கும் தோணுது, ஆனாலும் இன்னிக்கு ஒருத்தர் வந்து கேட்டா பிஎஸ்எம்ஏதான் எடுக்கச் சொல்லுவேன். பக்கத்துல கிடைக்குது, படிக்கத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார், அடுத்த ட்ரீட்மென்ட் அதை வச்சுத்தான் திட்டம் போடறாங்க. கடல் தாண்டிப் போய் எடுத்துட்டு வர்ற படத்தை இங்க வச்சு யாரும் முடிவு எடுக்கலைன்னா அந்தச் செலவு தண்டம்.

ஃபெருமாக்ஸிடால்னு சோகைக்குப் போடற இரும்பு ஊசி ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு, அதுவும் இதே குடும்பம்தான், அதை எம்ஆர்ஐக்கும் சில ஆராய்ச்சி சென்டர்ல பயன்படுத்தறாங்க. 2015ல அதுக்கு அலர்ஜி பத்தி எஃப்டிஏவோட கடுமையான எச்சரிக்கை விழுந்துச்சு. இரும்புதானேன்னு லேசா நினைக்காதீங்க.

நிஜமாவே கேன்சர் செல்லைப் பிடிக்கற காந்தத் துகளும் ஒண்ணு இருக்கு, ஆனா அது உடம்புக்குள்ள போறதில்ல. ரத்தத்தை வெளிய எடுத்து ட்யூபுல வச்சுப் பண்றது. செல்சர்ச்னு பேரு, 2004லேயே எஃப்டிஏ அனுமதி. எப்கேம்ங்கற புரதத்தைப் பிடிக்கற ஆன்டிபாடியைத் துகள் மேல ஒட்டி 7.5 மில்லி ரத்தத்துல கலந்து காந்தத்தை வச்சு இழுப்பாங்க. அந்த 7.5 மில்லியில 3,000 கோடிக்கு மேல சிவப்பணு இருக்கும், அதுக்குள்ளேர்ந்து அஞ்சு கேன்சர் செல்லை எண்ணி எடுக்குதுன்னா அது சாதாரண வேலை இல்ல. பரவின மார்பு கேன்சர்ல 5 அல்லது அதுக்கு மேல இருந்தா நோய் வேகமா போகும்னு அர்த்தம். சரி, அதைத் தெரிஞ்சு என்ன பண்றது? அமெரிக்காவுல இதையே டிரையல் பண்ணிப் பாத்தாங்க, எண்ணிக்கை குறையாதவங்களுக்கு கீமோவை சீக்கிரமே மாத்தினாங்க, ஆயுள் கூடல. 2014ல அந்த முடிவு வந்துச்சு. புனேயில ஒரு கம்பெனியும் இதே மாதிரி காந்தத் துகள் வச்சு டெஸ்ட் பண்ணுது. ஆன்காலஜிஸ்ட் ஒரு காரணத்தோட கேட்டா எடுங்க, நல்லா இருக்கறவங்க "கேன்சர் இருக்கான்னு ஒரு ரத்த டெஸ்ட்"னு எடுக்கறதுக்கு இது இல்ல. ஆரம்பக் கட்டத்துல பெரும்பாலும் ஜீரோன்னுதான் வரும், ஜீரோங்கறதுக்கு கேன்சர் இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

கடைசியா எம்பிஐ, காந்தத் துகள் இமேஜிங். ஹாம்பர்க்ல ஃபிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல க்ளைக், வைசனெக்கர்னு ரெண்டு பேர் 2005ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வெளியிட்டது. எம்ஆர்ஐ உடம்பைப் பாக்கும், துகள் அதுல ஒரு கறுப்புக் கறையா தெரியும். எம்பிஐ துகளை மட்டும் பாக்கும், சதை எலும்பு எதுவும் சிக்னலே கொடுக்காது, அதனால துகள் இருக்கற எடம் இருட்டுல வெளிச்சமா வரும். கதிர்வீச்சு இல்ல. கலிஃபோர்னியா பெர்க்லியில 2017ல எலியோட மார்புக் கட்டியை இதுல காட்டினாங்க, ஹாம்பர்க்ல மனுஷத் தலை நுழையற அளவுக்கு ஒரு மெஷினும் கட்டிட்டாங்க. ஐடியா எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆனா ஆஸ்பத்திரியில கேன்சர் பாக்க எடுத்துக்கற டெஸ்ட்டா அது இன்னும் ஆகல. யாராவது உங்ககிட்ட "நானோ ஸ்கேன்"னு சொல்லிப் பெரிய தொகை கேட்டா ரெண்டு விஷயம் கேளுங்க. துகளோட பேர் என்ன, எந்த நாட்டுல எதுக்கு அனுமதி வாங்கியிருக்கு? ஆராய்ச்சின்னு பதில் வந்தா சிடிஆர்ஐ பதிவு எண்ணைக் கேளுங்க, இந்தியாவுல நடக்கற கிளினிக்கல் டிரையல் எல்லாம் அந்தப் பதிவேட்டுல இருக்கணும், நெட்லயே தேடிப் பாக்கலாம். ஆராய்ச்சிக்காகக் கூடுதலா பண்ற டெஸ்ட்டுக்கு பேஷன்ட்கிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) நெறிமுறையே சொல்லுது, அதனால பில் கொடுத்தாங்கன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க.